தர்மகர்த்தா மூட்டிய தீ



மார்ச் மாதம் முதல் தேதியின் தாளை நம் வீட்டுக் காலண்டரில் புரட்டிப் பாருங்கள். ராகுகாலம் இருக்கும், எமகண்டம் இருக்கும், வேறு விசேஷம் ஒன்றும் இராது. ஆனால் பசிபிக் மாகடலின் நடுவே இருக்கும் ஒரு சின்னஞ்சிறு நாட்டில் அன்று அரசாங்க விடுமுறை. அது அந்நாட்டின் சுதந்திர தினமன்று. தலைவர் ஒருவரின் பிறந்தநாளுமன்று. அணு ஆயுதச் சோதனைகளுக்குப் பலியானவர்களை நினைக்கும் நாள். அந்த நாட்டின் பெயர் மார்ஷல் தீவுகள்.

"நம் ஊரில் பேசுவதற்கு வேறு பிரச்னையே இல்லையா? விலைவாசி இல்லையா, வேலையில்லாத் திண்டாட்டம் இல்லையா? எங்கோ கிடக்கும் தீவைப் பற்றி நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

சமாதானப் பிரச்னை வேறு, நிலத்தையும் நீரையும் காக்கும் பிரச்னை வேறு என்று எண்ணுவோர் பலர். இரண்டும் ஒன்றே என்பதை அந்தத் தீவுகள் காட்டுவது போல் தெளிவாகக் காட்டும் இடங்கள் உலகில் மிகச் சில. இது முதல் பதில். அந்த மக்களின் வழக்கில் நம் இந்தியாவுக்கும் பங்கு உண்டு என்பது இரண்டாவது பதில். ஒரு காலத்தில் அவர்களுக்காக வாதாடிய நாடு இந்தியா. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே மக்கள் தொடுத்த வழக்கில் பிரதிவாதியாக நின்ற நாடும் இந்தியாதான். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

வேலியே பயிரை மேய்ந்த கதை

மார்ஷல் தீவுகள் என்பவை 29 பவளத்தீவு வளையங்களும் 5 தனித் தீவுகளும் கொண்ட நாடு. தென்னையும் தாழையும் சீமைப்பலாவும் மீனுமே அங்கு வாழ்வின் ஆதாரம். ஜெர்மனி ஆண்டது, பிறகு ஜப்பான் ஆண்டது, 1944-இல் அமெரிக்கப் படை கைப்பற்றியது. 1947-இல் ஐக்கிய நாடுகள் சபை அத்தீவுகளைத் தன் பெயரால் பராமரிக்கும்படி அமெரிக்காவை தர்மகர்த்தாவாக நியமித்தது.

தர்மகர்த்தா என்றால் என்ன பொருள் என்று தமிழ் மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சொத்தைக் காப்பவன், சொத்துக்கு உடையவன் அல்லன். அந்த மக்கள் தங்கள் நிலத்தையும் வளத்தையும் இழக்காமல் காக்க வேண்டும், அவர்களுடைய ஆரோக்கியத்தைப் பேண வேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு தெளிவாக விதித்தது. அமெரிக்கா அதில் கையெழுத்திட்டது.

ஆனால் அதற்கு முன்பே காரியம் தொடங்கிவிட்டது. 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்து வந்த பிகினித் தீவு மக்களிடம் அமெரிக்க ராணுவ கவர்னர் வந்தார். மனிதகுலத்தின் நன்மைக்காகவும், உலகப் போர்களுக்கே முடிவு கட்டுவதற்காகவும் உங்கள் தீவைச் சில காலம் விட்டுக்கொடுப்பீர்களா என்று கேட்டார். கேட்டவருக்குப் பின்னால் ஒரு பேரரசின் கடற்படை. கேட்கப்பட்டவர்களுக்குப் பின்னால் தென்னந்தோப்பு! எல்லாம் கடவுள் கையில் என்று அவர்களுடைய தலைவர் ஜூடா பதில் சொன்னார். அந்தக் காட்சியைச் சினிமாப் படமாக்குவதற்காகத் திரும்பத் திரும்ப நடிக்கவும் வைத்தார்கள்.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் 167 பேர் கப்பலேறினார்கள். கொண்டுபோய் இறக்கப்பட்ட ராங்கெரிக் தீவில் உணவு போதவில்லை, பட்டினி கிடந்தார்கள். 1948-இல் அங்கிருந்து எடுத்துச் சென்று கிலி என்ற தீவில் குடியேற்றினார்கள். மீன்பிடிக்கக் காயல் இல்லாத தனித் தீவு அது. காயலில் தோணி ஓட்டிப் பிழைத்த மக்களுக்கு அது சிறையாயிற்று.

1946 ஜூலை முதல் தேதி பிகினியில் முதல் குண்டு வெடித்தது. நான்கே நாட்களில் பாரிஸ் நகரில் ஒருவர் தாம் வடிவமைத்த நீச்சல் உடைக்கு அத்தீவின் பெயரைச் சூட்டினார். இன்றும் உலகம் பிகினி என்றால் உடையைத்தான் நினைக்கிறது. ஒரு மக்களின் வீட்டைப் பறித்தார்கள். அந்த வீட்டின் பெயரும் அவர்களுக்கு மிஞ்சவில்லை.

சாம்பல் மழை

1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நடத்திய அணு ஆயுதச் சோதனைகள் 67. அவற்றின் மொத்த ஆற்றல் ஹிரோஷிமாவில் வீசப்பட்டதைப் போன்ற ஏழாயிரம் குண்டுகளுக்கு மேல். 1952 நவம்பர் முதல் தேதி எனிவெடாக்கில் ஒரு ஹைட்ரஜன் சாதனம் வெடித்தபோது எலுகெலாப் என்ற தீவே இல்லாமற் போயிற்று. தேசப்படத்திலிருந்து ஒரு தீவை அழித்துவிட்டு, அதற்குச் சோதனை என்று பெயர் வைத்தார்கள்!

அவை எல்லாவற்றிலும் பெரியது 1954 மார்ச் முதல் தேதி காலையில் பிகினியில் வெடித்த பிராவோ. ஐந்தாறு மெகாடன் அளவில் இருக்கும் என்பது நிபுணர்களின் கணக்கு. வெடித்ததோ 15 மெகாடன். ஹிரோஷிமாக் குண்டைப் போல் ஆயிரம் மடங்கு. காற்றின் போக்கு சாதகமாக இல்லை என்ற தகவல் முந்திய இரவே கிடைத்திருந்தது. ஆயினும் குண்டை வெடித்தார்கள்.

கிழக்கே சுமார் 100 மைல் தொலைவில் ராங்கெலாப் தீவு. சில மணி நேரத்தில் அங்கே வானத்திலிருந்து வெள்ளைப் பொடி உதிரத் தொடங்கிற்று. சூட்டில் நீறாகிப்போன பவளப்பாறையின் சாம்பல் அது. கூரையில் விழுந்தது, குடிநீர்த் தொட்டியில் விழுந்தது, உண்ணும் உணவில் விழுந்தது. பனியைக் கண்டறியாத குழந்தைகள் அதை அள்ளி விளையாடினார்கள். மாலைக்குள் வாந்தியும், தோல் எரிச்சலும். பின்னர் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கழன்று விழுந்தது. 1946 சோதனையின்போது இதே மக்களை முன்னெச்சரிக்கையாக அப்புறப்படுத்தியவர்கள், அதைவிடப் பன்மடங்கு பெரிய குண்டுக்கு எச்சரிக்கைகூடச் செய்யவில்லை. பக்கத்துத் தீவில் இருந்த அமெரிக்க வானிலை ஊழியர்கள் 28 பேரை மறுநாளே மீட்டார்கள். ராங்கெலாப் மக்களை மீட்க அதற்கும் அடுத்த நாள் ஆயிற்று.

மீட்டபின் என்ன செய்தார்கள்? வைத்தியம் பார்த்தார்கள். கூடவே, கதிரியக்கத்துக்கு ஆளான மனிதர் உடலில் என்ன நிகழ்கிறது என்று பதிவுசெய்யும் ஆராய்ச்சியையும் தொடங்கினார்கள். அதன் பெயர் 'திட்டம் 4.1'. ஆராய்ச்சிக்கு ஆளானவர்களிடம் அனுமதி கேட்கப்படவில்லை. 1956-இல் அமெரிக்க அணுசக்திக் கமிஷனின் ஆலோசனைக் கூட்டத்தில் ஓர் அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? அம்மக்கள் மேல்நாட்டாரைப் போல நாகரிகமாக வாழ்கிறவர்கள் அல்லர். ஆனாலும் எலிகளைவிட நம்மை ஒத்தவர்கள் என்றார்! ஏகாதிபத்தியத்தின் மனம் எப்படிப்பட்டது என்பதற்கு ஆயிரம் பக்கம் விளக்கம் எழுதலாம். அந்த ஒரு வாக்கியம் போதும்.

உலகம் எழுந்தது, இந்தியா பேசியது

சாம்பல் கடல்மேலும் விழுந்தது. தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றில் 23 தொழிலாளர்கள் இருந்தார்கள். 'அதிர்ஷ்ட நாகம்' என்று பொருள்படும் பெயர் அப்படகுக்கு. மார்ச் 14-இல் நோயுற்ற உடலோடு கரை சேர்ந்தார்கள். வானொலி இயக்குநரான ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23-இல் உயிர்நீத்தார். அமெரிக்கா சட்டப் பொறுப்பை ஏற்காமலேயே ஜப்பானுக்கு 20 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது.

மக்கள் கணக்கை முடிக்கவில்லை. மீன் வாங்கவே அஞ்சிய டோக்கியோ நகரத்துத் தாய்மார்கள் கையெழுத்துத் தாளைக் கையில் எடுத்தார்கள். சுகினாமி என்ற பகுதியில் தொடங்கிய இயக்கம் நாடெங்கும் பரவி 3 கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துக்களைத் திரட்டிற்று. 1955 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் அணுகுண்டுகளுக்கு எதிரான முதல் உலக மாநாடு கூடியது.

இந்தியா அப்போது வாய்மூடி இருக்கவில்லை. குண்டு வெடித்த ஒரு மாதத்தில், 1954 ஏப்ரல் 2-இல், பிரதமர் ஜவாஹர்லால் நேரு மக்களவையில் எழுந்தார். ஆயுதக் குறைப்பு உடன்படிக்கை வரும் வரையில் சோதனை வெடிப்புகளையேனும் நிறுத்தி வையுங்கள் என்று வல்லரசுகளுக்கு அறைகூவல் விடுத்தார். அணுச்சோதனையை நிறுத்தும்படி அரசுத் தலைவர் ஒருவர் விடுத்த முதல் அழைப்பு என்று அது வரலாற்றில் குறிக்கப்படுகிறது. அதே மாதம் மார்ஷல் தீவு மக்கள் ஐ.நா. சபைக்கு மனு அனுப்பினார்கள். கொடிய ஆயுதச் சோதனைகளை உடனே நிறுத்துக என்பது அவர்கள் கோரிக்கை. நிலம் எங்களுக்குப் பயிரிடும் இடம் மட்டுமல்ல, அதுவே எங்கள் உயிர் என்ற கருத்தையும் அதில் எழுதினார்கள். பிறர் பொறுப்பில் விடப்பட்ட நாட்டில் இத்தகைய சோதனை நடத்தச் சட்ட உரிமை உண்டா என்று ஐ.நா.வில் கேள்வி எழுப்பியவர் நம் நாட்டுப் பிரதிநிதி வி. கே. கிருஷ்ண மேனன். தர்மகர்த்தா சபை சோதனையைத் தடுக்கவில்லை. ஆனாலும் ஊரற்றுப்போன அந்த மக்களுக்கு உலக மன்றத்தில் ஒரு குரல் இருந்தது. அது இந்தியாவின் குரல்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பொருளாதாரக் கொள்கையில் நமக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றவர் ராஜாஜி. அவரோ 1962-இல், எண்பது வயதைத் தாண்டிய முதுமையில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவுடன் அமெரிக்கா சென்று ஜனாதிபதி கென்னடியை நேரில் கண்டு, சோதனைகளை நிறுத்துமாறு வாதாடினார். மாற்றுக் கருத்தினர் செய்த நற்காரியத்தை மறைப்பது நம் வழக்கமன்று.

அமெரிக்காவிலேயே செயின்ட் லூயிஸ் நகரத்துத் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளின் விழுந்த பால்பற்களை விஞ்ஞானிகளிடம் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் சேர்ந்த அந்தப் பற்களில் ஸ்ட்ரான்ஷியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது கண்டறியப்பட்டது. புல்லில் விழுந்த நஞ்சு பசுவின் பாலில் ஏறி, பாலிலிருந்து பிள்ளையின் எலும்பில் ஏறியிருந்தது. விஞ்ஞானி லைனஸ் பாலிங் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையெழுத்தோடு 1958-இல் ஐ.நா.விடம் மனுக் கொடுத்தார். இவ்வளவும் சேர்ந்துதான் 1963 ஆகஸ்ட் 5-இல் மாஸ்கோவில் உடன்படிக்கை பிறந்தது. காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது என்றது அது. நிலத்தடிச் சோதனை தொடர்ந்தது என்ற குறை உண்டு. ஆயினும் அந்த அளவு வெற்றியும் வல்லரசுகளின் கருணையால் கிடைத்ததன்று; மக்கள் கேட்டுப் பெற்றது.

மூடி வைத்த பூசணிக்காய்

சோதனை நின்றால் கேடு நின்றுவிடுமா? இங்கேதான் போரும் நிலமும் ஒன்றாகிற இடம் இருக்கிறது.

1957-இல் ராங்கெலாப் மக்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள், பயமில்லை என்றார்கள். சாம்பல் விழுந்த நாளில் குழந்தைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டு சுரப்பியில் கோளாறு தோன்றியது. அன்று ஒரு வயதுக் குழந்தையாக இருந்த ஒருவர் 1972-இல் ரத்தப் புற்றுநோயால் மாண்டார். 1985-இல் அம்மக்கள் தாங்களே தங்கள் ஊரைக் காலிசெய்தார்கள். அரசாங்கம் கப்பல் தரவில்லை. கிரீன்பீஸ் அமைப்பின் கப்பல் வந்து ஏற்றிச் சென்றது.

பிகினி மக்களுக்கும் அதே கதி. 1968-இல் ஜனாதிபதி ஜான்சன் ஊருக்குத் திரும்பலாம் என்றார். சிலர் திரும்பினார்கள், தென்னை நட்டார்கள். பவள மண்ணில் பொட்டாசியச் சத்துக் குறைவு. கதிரியக்கச் சீசியமோ குணத்தில் பொட்டாசியத்தை ஒத்தது. சத்துக்கு ஏங்கிய தென்னை அந்த நஞ்சை உணவென்று உறிஞ்சிற்று. தேங்காய் அதைச் சேர்த்து வைத்தது. தேங்காய் தின்ற மனிதர் உடலில் அது ஏறிற்று. 1978-இல் மறுபடி மக்களை வெளியேற்றினார்கள். பார்வைக்குப் பசுமையான தோப்பு. காய்க்கும் காயில் கண்ணுக்குத் தெரியாத வெடிகுண்டு!

எனிவெடாக்கில் 1977 முதல் 1980 வரை துப்புரவு நடந்தது. அந்த வேலைக்குச் சுமார் 4,000 அமெரிக்கச் சிப்பாய்களை அனுப்பினார்கள். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாம். அவர்களுடைய நோய்களுக்கு உதவும் சட்டம் 2022-இல்தான் வந்தது. வாரிய மண்ணையும் இடிபாடுகளையும் ரூனிட் தீவில் ஒரு குண்டு தோண்டிய பள்ளத்தில் கொட்டி, மேலே ஒன்றரை அடிக் கனத்தில் கான்கிரீட் மூடி போட்டார்கள். மேலே மூடி உண்டு. அடியில் தளம் இல்லை. கடல்நீர் ஊறி ஏறியிறங்கும் பவளமண்ணே அடித்தளம். உள்ளே இருப்பவற்றில் புளுட்டோனியமும் ஒன்று. அதன் வீரியம் பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகள் ஆகும்.

மூடி உடனே சரிந்துவிடாது என்று 2020-இல் அமெரிக்க எரிசக்தித் துறை அறிக்கை தந்தது. மூடிக்குள் இருப்பதைவிட அதிகமான நஞ்சு ஏற்கெனவே காயலின் அடியில் கிடக்கிறது என்பதும் அவர்கள் ஒப்புக்கொள்ளும் செய்தி. இது ஆறுதலா, குற்றத்தின் ஒப்புதலா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று நாம் கேட்டிருக்கிறோம். இவர்கள் கான்கிரீட்டில் மறைத்தார்கள்! கடல் மட்டத்திலிருந்து சராசரி ஆறேழு அடி உயரமே உள்ள நாடு அது. புவி வெப்பம் ஏற, கடலும் ஏறுகிறது. யாரோ எரித்த எண்ணெயும், யாரோ வெடித்த குண்டும் ஒரே கரையில் வந்து கணக்குக் கேட்கின்றன.

பணத்தின் கணக்கு

1986-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் அமெரிக்கா 15 கோடி டாலர் தந்தது. அதற்கு ஈடாக, சோதனைகள் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் முற்றாகத் தீர்ந்தன என்று எழுதி வாங்கிக்கொண்டது. கையெழுத்திட்ட நேரத்தில், எந்தெந்தத் தீவில் எவ்வளவு நஞ்சு விழுந்தது என்ற ரகசிய ஆவணங்கள் பல அம்மக்களுக்குக் காட்டப்படவில்லை. அவை 1990-களில்தான் வெளிவந்தன. அதே ஒப்பந்தப்படி அமைந்த தீர்ப்பாயம், 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு தரவேண்டும் என்று கணக்கிட்டது. கொடுக்கப் பணம் இல்லை. பிகினி மக்களுக்கு 2001-இல் சுமார் 56 கோடி டாலர் தீர்ப்பாயிற்று. கைக்கு வந்தது அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்கவே மறுத்துவிட்டது.

குற்றக் கூண்டில் இந்தியா

பிராவோ வெடித்த காலையில் தாத்தாவோடு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவன், பிற்காலத்தில் அந்நாட்டின் வெளிநாட்டு மந்திரியானார். அவர் பெயர் டோனி டிப்ரம். 2014 ஏப்ரலில் அவருடைய நாடு சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளும் ஆயுத ஒழிப்புப் பேச்சை நேர்மையுடன் நடத்தும் கடமையில் தவறின என்பது வழக்கு. தமக்குப் பணம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்களுக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக் கூடாது என்றே கேட்டார்கள்.

ஒன்பதில் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருந்தவை பிரிட்டன், பாகிஸ்தான், இந்தியா ஆகிய மூன்றுமே. வழக்கை விசாரிக்க அதிகாரமில்லை என்று இந்தியா வாதாடியது. 2016 அக்டோபர் 5-இல் நீதிமன்றம், நாடுகளிடையே தகராறு இருந்ததாக நிறுவப்படவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. இந்தியா தொடர்பான தீர்ப்பில் 9 நீதிபதிகள் ஒரு பக்கம். 7 பேர் மறுபக்கம். சட்டத்தில் இந்தியா வென்றது. மறுக்கவில்லை. 1954-இல் எந்த மக்களுக்காகப் பேசினோமோ, அந்த மக்களைச் சட்ட நுணுக்கத்தால் வென்றோம். இது பெருமைக்குரிய வெற்றியா?

இடையில் நிகழ்ந்தது என்ன? 1974-இல் பொக்ரான், 1998 மே மாதத்தில் மீண்டும் பொக்ரான், அதே மாதத்தில் பாகிஸ்தானில் சாகை. குண்டு வைத்திருப்பவன் குண்டுக்கு எதிராகப் பேசினால் குரலில் வலு எங்கிருந்து வரும்?

அமெரிக்காவை மட்டும் சொல்லி நிறுத்துவதும் நேர்மையன்று. கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் புல்வெளியில் சோவியத் யூனியன் 1949 முதல் 1989 வரை 456 சோதனைகள் நடத்தியது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் மரலிங்காவில் பிரிட்டன் நடத்தியது. முருரோவாவில் பிரான்ஸ் 1995 வரை நடத்தியது. குண்டு எந்தக் கொடியின் கீழ் வெடித்தாலும் சாம்பல் ஏழையின் கூரைமேல்தான் விழுந்தது. செமிபலாட்டின்ஸ்கை மூட வைத்ததும் மக்களே. 1989-இல் கவிஞர் ஓல்ஜாஸ் சுலைமேனவ் முன்னின்று தொடங்கிய இயக்கம் இரண்டே ஆண்டுகளில், 1991 ஆகஸ்ட் 29-இல், அந்தச் சோதனைத் தளத்துக்குப் பூட்டுப் போட்டது.

நாம் செய்ய வேண்டியது

இவை பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாச் சோதனைகளையும் தடைசெய்யும் 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை; அமெரிக்கா கையெழுத்திட்டும் உறுதிசெய்யவில்லை; ரஷ்யா தந்த உறுதியை 2023-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2025 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், மற்ற நாடுகளுக்கு இணையாக அணு ஆயுதங்களைச் சோதிக்கத் தொடங்குமாறு ஆணையிட்டதாக அறிவித்தார். அது அணுவெடிப்பு அல்ல என்று அவருடைய மந்திரி ஒருவர் பின்னர் விளக்கம் சொன்னார். விளக்கம் சொல்ல வேண்டிய நிலைமைக்கு உலகம் வந்திருப்பதே போதுமான எச்சரிக்கை.

எனவே நம் கோரிக்கைகள் நேரானவை. 1998-க்குப் பின் இந்தியா தானே ஏற்றுக்கொண்ட சோதனை நிறுத்தத்தைப் பாராளுமன்றச் சட்டமாக்க வேண்டும். அணு ஆயுதத்தை அடியோடு தடைசெய்யும் உடன்படிக்கை 2017-இல் உருவாகி, 2021 ஜனவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதையும் நஞ்சேறிய நிலத்தைச் சீர்செய்வதையும் அது கடமையாக்குகிறது. அதை ஆக்கிய பேச்சுவார்த்தையில் கலந்துகொள்ளாத இந்தியா, அதன் கூட்டங்களுக்குப் பார்வையாளராகவேனும் போகட்டும். மார்ஷல் மக்களின் நஷ்டஈட்டுக் கோரிக்கைக்கு ஐ.நா.வில் மீண்டும் குரல் கொடுக்கட்டும். 1954-இல் குண்டு இல்லாத இந்தியாவால் முடிந்தது இன்றைய இந்தியாவால் முடியாதா?

பகைவரிடம் குண்டு இருக்கையில் நாம் மட்டும் எப்படி என்று உங்கள் தெருவிலேயே கேட்பார்கள். கேட்பவரைத் தேசத்துரோகி என்று ஏசாதீர்கள். அவர்கள் உங்களை அப்படி ஏசினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ராங்கெலாப்பின் கதையைச் சொல்லுங்கள். அந்தச் சாம்பல் எதிரி நாட்டுக்காரன்மேல் விழவில்லை. தன் பாதுகாப்பில் விடப்பட்ட மக்கள்மேலேயே விழுந்தது என்று சொல்லுங்கள். குண்டு போரில் வெடிப்பதற்கு முன்பே, அதைச் செய்கிற நாட்டின் மண்ணையும் நீரையும் குழந்தைகளையும் தாக்கத் தொடங்கிவிடுகிறது என்று விளக்குங்கள்.

டோக்கியோவின் தாய்மார்களிடம் கப்பற்படை இல்லை. கையெழுத்துத் தாள்தான் இருந்தது. செயின்ட் லூயிஸ் தாய்மார்களிடம் பால்பற்கள்தான் இருந்தன. அவற்றைக்கொண்டே அவர்கள் வல்லரசுகளை உடன்படிக்கை மேஜைக்கு இழுத்தார்கள். நம்மிடம் ஊர்தோறும் படிப்பகங்கள் உண்டு, சங்கங்கள் உண்டு, பேசத் தெரிந்த தோழர்கள் உண்டு. வேலையைத் தொடங்குவோம்.